ஆயுத பூசையன்று ஆடிய ஸ்டீரிங்

ஸ்டீரிங் சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆறுமுகசாமி இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான். வலப்பக்கம் கால்வட்டம் சும்மா சுழன்றது. இடப்பக்கமும் அப்படியே. அதற்கு மேலும் திருப்பினால்தான், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பியதுபோல முன்சக்கரங்கள் மெல்ல அசைந்தன. நேற்று மத்தியானம் சித்தூர் போய்வந்தபோது சுண்டுவிரலுக்குத் திரும்பிய ஸ்டீரிங் இது. ஒரே இரவில் இதற்கு என்ன வந்தது?

"என்னப்பா, பொறப்படலாமா?" என்றார் ரத்தினசாமி. நல்லேப்பிள்ளியில் முதன்முதலாக மோட்டார் வாங்கியவர் அவர்தான். இப்போது களத்தில் நின்றபடி, தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுப்பதும் போடுவதுமாக இருந்தார்.

"இந்தா கிளம்பிருவோம்ய்யா. ஒரு நிமிசம்."

வீட்டுக்குள்ளிருந்து மருதாத்தாளின் முனகல் கேட்டது. ரத்தினசாமியின் ஒரே மகள். தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருந்தாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஆயுத பூசையும் அதுவுமாக, மத்தியானச் சாப்பாட்டில் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஊர் மருத்துவச்சி பூசைக்கென்று மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இனி ஆறு மைல் தள்ளிக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் நர்ஸ் மதலேனம்மாளை அழைத்து வந்தால்தான் உண்டு.

வீட்டில் வில்வண்டி இருந்தது. காளைகள் இருந்தன. இருபது வருடமாக அதை ஓட்டிய காளிச்சாமியும் இருந்தார். ஆனால் வண்டிக்குக் கடையாணி இல்லை. சக்கரம் கழன்று ஓடாமல் காக்கிற அந்த இரண்டு ஆணிகளையும் முதல் நாள் மாலையே கழற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, அரிவாள் மண்வெட்டிகளோடு பூசையில் வைத்துவிட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் பூசை பிரிக்கிறவரை அவற்றை யாரும் தொடக் கூடாது. ஊரில் ஒரு வண்டியும் அன்று நகராது.

"ஆபத்துக்குப் பாவமில்லை. ரெண்டு ஆணிதான, எடுத்துக் குடு" என்று ரத்தினசாமி மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

சரஸ்வதியம்மாள் பூசையறைக் கதவில் சாய்ந்து நின்றாள். "ஏனுங்க, என்ற புள்ளை அந்தச் சாமியை நம்பித்தான் உள்ளே படுத்திருக்கறா. இப்பப் போயி அது முன்னால வெச்சதை எடுக்கச் சொல்றீங்களே. மோட்டாரை எதுக்கு வாங்குனீங்க, கொட்டாயில நிறுத்திப் பாக்கறதுக்கா?"

அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் ஆறுமுகசாமியின் பக்கம் திரும்பியது. அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான். மோட்டாரைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோதே மார்பு இறங்கிவிட்டது.

ஏனென்றால் அவனுடைய ஆயுதங்களும் பூசையில்தான் இருந்தன. ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, எண்ணெய்க் குப்பி, காற்றடிக்கும் பம்பு, என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி எல்லாம் தோல்பெட்டியோடு உள்ளே போய்ச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தன. வெறுங்கையை வைத்துக்கொண்டு அவன் ஸ்டீரிங்குக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அது அவனுக்கு மட்டுமே தெரியும். மோட்டாரும் ஆறுமுகசாமியும் ஒன்றாகத்தான் உடும்பஞ்சோலை ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து நான்கு மாதத்துக்கு முன் இறங்கி வந்தார்கள். துரை சீமைக்குத் திரும்பியபோது விற்ற மோட்டாரோடு, எட்டு வருடம் அதை ஓட்டியதாகச் சொல்லிக்கொண்டு அவனும் வந்து சேர்ந்தான். எட்டு வருடம் என்பது பொய்யில்லை. ஆனால் ஏழு வருடம் அவன் மோட்டாரைக் கழுவினான். எட்டாவது வருடம் டிரைவருக்கு மலைக்காய்ச்சல் வந்தபிறகுதான் ஓட்டினான். மோட்டாரின் வெளிப்புறத்தில் ஒவ்வோர் அங்குலமும் அவனுக்கு மனப்பாடம். உள்ளே இருப்பது அவனைப் பொறுத்தவரை கடலுக்கு அப்பாலுள்ள ஏதோ ஒரு தேசம்.

"ஆயுத பூசை வரைக்கும் உன்ற தொழிலைப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன், இருக்கறதா மலைக்கே போறதான்னு" என்று ரத்தினசாமி வந்த அன்றே சொல்லியிருந்தார். அந்த ஆயுத பூசை இதுதான்.

"என்னப்பா கோளாறு?"

தெரியவில்லை என்று சொன்னால் நாளைக்கே மலை ஏற வேண்டும்.

"ஒண்ணுமில்லய்யா, தொண்டை காஞ்சு போச்சு" என்றான் ஆறுமுகசாமி. ஸ்டீரிங்கைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டைத் தட்டிக் காட்டினான். "வெயில்ல நிண்டா இதுக்கு இப்பிடித்தான் வரும். எண்ணெய் விட்டாச் சரியாயிரும்."

"எண்ணெய் பூசையில இருக்குதே."

"எந்த எண்ணெயா இருந்தா என்னய்யா. இதென்ன தாளிக்கவா போகுது?"

ரத்தினசாமி வீட்டுக்குள் ஓடி ஒரு சீசாவோடு வந்தார். பின்னாலேயே சரஸ்வதியம்மாள் வந்தாள். "ஏனுங்க, அது மருதாத்தாளுக்குக் குடுக்க வெச்ச வெளக்கெண்ணெய்ங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே அவசரம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சீசாவை நீட்டினார்.

ஆறுமுகசாமி ஸ்டீரிங்கின் கழுத்தைச் சுற்றி அரைச் சீசா விளக்கெண்ணெய் ஊற்றினான். கொஞ்சம் பொறுத்துத் திருப்பிப் பார்த்தான். இப்போது கால்வட்டம் இல்லை. அரைவட்டம் சும்மா சுழன்றது. போதாததற்கு எண்ணெய் வளையத்துக்கும் வழிந்து, பிடித்த கை வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுவிலிருந்த பித்தளை மூடிக்குள்ளே ஏதோ ஒன்று, வாயில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கலகலத்தது. அந்த மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறக்க ஸ்பேனர் வேண்டும்.

"இப்ப?"

"நோய் வெளிய வந்திருச்சுய்யா" என்றான் ஆறுமுகசாமி. நெற்றி வியர்வையைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் விளக்கெண்ணெய் ஆயிற்று. "சந்து விழுந்திருக்கு. ஆப்பு அடிச்சா நிண்டுக்கிடும்."

"சுத்தியலுக்கு எங்க போறது?"

அம்மிக் குழவிக்கு அன்று பூசை கிடையாது. சமையல் நடந்தாக வேண்டுமே. சரஸ்வதியம்மாள் அதை மனமில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். விறகுச் சிம்பு இரண்டை நறுக்கி, ஸ்டீரிங் சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவே சொருகி, குழவியால் நான்கு போடு போட்டான். சக்கரம் ஓர் அரை விரல்கடை மேலே எழும்பி இறுகி நின்றது. திருப்பினால் முன்சக்கரமும் கூடவே திரும்பியது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாத்தீங்களா? குமுளி மலைப்பாதையில இது மாதிரி எத்தனை பாத்தாச்சு."

என்ஜினைக் கிளப்பக் கைப்பிடி இல்லாததால் பண்ணையாட்கள் நான்கு பேர் பின்னாலிருந்து தள்ள வந்தார்கள். காளிச்சாமி மட்டும் தள்ள வரவில்லை. அவர் நேராக மோட்டாருக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மோட்டார் வந்த நாளிலிருந்து அவருடைய வில்வண்டிக்கு அரிசி மில்லைத் தவிரப் போக இடமில்லை. அதற்காக அவர் ஒரு வார்த்தை முகம் கோணிப் பேசியதில்லை. அந்தப் பொறுமையைத்தான் ஆறுமுகசாமியால் நம்ப முடியவில்லை.

"மோட்டாரு இன்னைக்குப் போவாதுங்க" என்றார் காளிச்சாமி.

"ஏன் போகாது?" என்றான் ஆறுமுகசாமி.

காளிச்சாமி லேசாகச் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"அக்கட்ட நில்லுப்பா" என்று ரத்தினசாமி அதட்டினார். "புள்ளை உள்ளே துடிச்சுக்கிட்டிருக்கறா, இவன் சகுனம் பாக்கறான்."

"இல்லீங்க எசமான், பாதி வழியில…" என்று காளிச்சாமி கையை உயர்த்தினார். அதற்குள் பண்ணையாட்கள் தள்ளிவிட, என்ஜின் இருமி, உறுமி, அவருடைய மீதிச் சொல்லை விழுங்கிவிட்டது.

தெருமுனை திரும்பும்வரை ஆறுமுகசாமிக்கு முதுகு கூசியது. திரும்பிப் பார்த்தான். காளிச்சாமி களத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு மைல் போகுமா இரண்டு மைல் போகுமா என்று கணக்கிடுகிறவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

ஐப்பசி மழை முந்தின வாரமே பிடித்துக்கொண்டதால் பாதையெல்லாம் களிமண். பாரவண்டிகள் போய்ப் போய், சாலையின் இருபுறமும் முழங்கால் ஆழத்துக்கு வண்டித் தடம் விழுந்திருந்தது. மோட்டாரின் சக்கரங்கள் சிலசமயம் தடத்துக்குள் இறங்கின, சிலசமயம் துள்ளி வெளியே வந்தன. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஆப்பு ஒரு நூல் வெளியே வந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்கய்யா" என்று ஆறுமுகசாமி ரத்தினசாமியிடம் சொல்ல நினைத்தான்: என்ஜின் மட்டும் நின்றுவிடக் கூடாது. நின்றால் மறுபடி கிளப்பக் கைப்பிடி இல்லை, தள்ள ஆளில்லை, இரண்டு பக்கமும் வயல்தான். சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மைல் போனதும் முதல் ஆப்பு விழுந்தது. இரண்டாவது, தனியாக இருக்கப் பிடிக்காததுபோல, உடனே பின்னாலேயே போயிற்று.

இப்போது ஸ்டீரிங் வட்டமாகச் சுழன்றது மட்டுமில்லை, மேலும் கீழும் எழும்பி எழும்பி உட்கார்ந்தது.

"ஐயா, அந்தத் துண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"குளிர் கண்டிருக்கு. தலப்பா கட்டிவிட்டாச் சரியாகும்."

ஏழு வருடம் மோட்டார் கழுவியவனுக்குத் துணியால் கட்டத் தெரியாதா? வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை உறுமவிட்டபடியே, ஜரிகைத் துண்டை ஸ்டீரிங்கின் கைகளுக்குள்ளும் தண்டைச் சுற்றியும் விட்டு இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான். பலன் என்னவென்றால், வலப்பக்கம் திருப்பத் திருப்பத் துண்டு இறுகியது, இடப்பக்கம் திருப்பத் திருப்ப அவிழ்ந்தது. ஆகவே வலப்பக்கம் எத்தனை முறை திருப்பினானோ, அதை எண்ணி வைத்துக்கொண்டு இடப்பக்கமும் அதே அளவு மட்டுமே திருப்ப வேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சாலை அப்படிச் சரிசமமாக வளைந்து கொடுக்கிற சாலை அல்ல.

"ரெண்டு, மூணு… ரெண்டு, ஒண்ணு…"

"என்னப்பா முணுமுணுக்கறே?"

"மந்திரம்ய்யா."

"சொல்லு சொல்லு, நிறுத்தாத."

வாய்க்கால் பாலத்துக்கு முந்தின இறக்கம் வந்தது. சாலை கீழே சரிந்து, இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத குறுகிய பாலத்தில் ஏறும். மழை பெய்த வாய்க்கால் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. ஆறுமுகசாமி இடப்பக்கம் திருப்பினான். ஒன்று, இரண்டு, மூன்று. துண்டு அவிழ்ந்தது. நான்காவது திருப்பலில் ஸ்டீரிங் தண்டை விட்டுக் கழன்று, ஜரிகைத் துண்டோடு அவன் மடிக்கு வந்துவிட்டது.

உலகம் ஒரு கணம் மிகவும் அமைதியாக இருந்ததாக அவனுக்குத் தோன்றியது. ஒரு கொக்கு பாலத்தின் ஓரத்தில் நின்று அவனையே பார்த்தது. கையில் ஸ்டீரிங் இருக்கிறது. அது எதையும் திருப்பாது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. இந்தச் சேற்றில் பிரேக் பிடித்தால் மோட்டார் வழுக்கித் தடத்தைவிட்டு வெளியே வரும். வந்தால் வாய்க்கால். தடத்துக்குள்ளேயே இருந்தால், இத்தனை வருடம் பாரவண்டிகள் எப்படி வளைந்ததோ அப்படி இதுவும் வளைந்தாக வேண்டும். அவன் காலை எடுத்தான். ஒன்றுக்கும் உதவாத ஸ்டீரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மோட்டார் இறங்கியது. முன்சக்கரங்கள் இரண்டும் வண்டித் தடத்தில் பதிந்து, கோயில் பிராகாரம் சுற்றும் பாட்டியம்மாளைப் போல நிதானமாக இடப்பக்கம் திரும்பி, பாலத்தில் ஏறி, மறுபுறம் இறங்கி, சமதரையில் தானாக வேகம் குறைந்தது. அப்போதுதான் அவன் மெல்லப் பிரேக்கைத் தொட்டான். என்ஜின் நிற்கவில்லை.

ரத்தினசாமி கண்ணைத் திறந்தார். டிரைவரின் மடியைப் பார்த்தார்.

"அதை எதுக்குக் கழட்டி வெச்சிருக்கறே?"

"கழட்டலைய்யா."

"அப்பறம்?"

"அதுவா வந்துச்சு."

ரத்தினசாமி பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

ஸ்டீரிங்கைக் கவிழ்த்து, அடிப்பக்கமிருந்து கல்லால் தட்டியதும் பித்தளை மூடி தெறித்து விழுந்தது. கூடவே ஒரு நட்டும் விழுந்தது. இதுதான் உள்ளே கலகலத்தது. ஆறுமுகசாமி குனிந்து தண்டின் நுனியைப் பார்த்தான். நட்டு கழலாமல் இருக்க நட்டையும் தண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு சின்ன ஆணி போட்டிருப்பார்கள். ஓட்டை இருந்தது. ஆணி இல்லை. உடைந்த துண்டுகூட இல்லை. சுத்தமாக, பக்குவமாக எடுக்கப்பட்டிருந்தது.

"ஐயா, இது கோளாறு இல்ல" என்றான் ஆறுமுகசாமி. நான்கு மாதத்தில் அவன் முதல்முறையாகத் தெரிந்து பேசிய பேச்சு அது. "யாரோ மூடியைத் திறந்து, நட்டைத் தளத்தி, ஆணியை உருவிட்டு, மறுபடியும் மூடி வச்சிருக்கான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மோட்டாரு இன்னைக்குப் போவாதுங்க. பாதி வழியில. காளிச்சாமியின் அந்தச் சிரிப்பு.

"இருபது வருசமா என்ற சோத்தைத் தின்னவன்" என்றார் ரத்தினசாமி மெதுவாக.

ஆறுமுகசாமிக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நேற்று மாலை காளிச்சாமி கொட்டகைக்கு வந்து, மோட்டாரைப் பற்றி என்னவோ பணிவாகக் கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இவன் விளக்கு வைக்கிற நேரம்வரை பிரசங்கம் செய்தான். எதையெல்லாம் தொட்டுக் காட்டினான், என்னவெல்லாம் சொன்னான் என்பது அவனுக்கே நினைவில்லை. கடைசியில் தோல்பெட்டியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்து, அம்மாவிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். எதிரிக்குப் பாடமும் சொல்லி, ஆயுதமும் கொடுத்திருக்கிறான். இந்தப் பகுதியை அவன் முதலாளியிடம் சொல்லவில்லை.

ஸ்டீரிங்கைத் தண்டில் மாட்டி, நட்டைக் கையாலேயே முறுக்கி, ஆணிக்குப் பதிலாக ஒரு கருவேல முள்ளைச் சொருகினார்கள். அரை மைலில் அது முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது. ரத்தினசாமி மடி நிறைய முள் பொறுக்கி வைத்துக்கொண்டு, அரை மைலுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தபடி கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்ந்தார்.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது மதலேனம்மாளின் வீடு. என்ஜினை உறுமவிட்டபடியே இருவரும் இறங்கினார்கள். கோயமுத்தூரில் படித்து வந்த நர்ஸ். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. வாசலில் எண்ணெய் வழியும் நெற்றியோடு ஒருவன், வேட்டியெல்லாம் முள் கீறிய ஒருவர் என இருவரையும் அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனையாவது பிரசவம்?"

"மொதலுங்க" என்றார் ரத்தினசாமி.

"வலி எப்பத் தொடங்குச்சு?"

"மத்தியானச் சோத்து நேரமுங்க."

"அப்ப நேரம் இருக்குது. உங்களைப் பாத்தாத்தான் பயமா இருக்குது. மொதல்ல தண்ணி குடிங்க ரெண்டு பேரும்."

பையோடு வண்டியில் ஏறப் போனவள், ஸ்டீரிங்கில் முள் குத்தியிருப்பதைக் கண்டு நின்றாள். ஆறுமுகசாமி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். மதலேனம்மாள் தலைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு தடித்த இரும்புக் கொண்டை ஊசியை உருவி நீட்டினாள்.

"இது போதுமா?"

ஓட்டைக்கென்றே அடித்ததுபோல அது உள்ளே போயிற்று. நுனியை வளைத்துவிட்டதும் நட்டு அசையவில்லை. ஸ்டீரிங் சுண்டுவிரலுக்குத் திரும்பியது.

"அம்மா, உங்க கொண்டை…"

"என்ற கொண்டை அவுந்தாப் பரவாயில்லை. உன்ற வண்டி அவுறாம ஓட்டு."

திரும்பி வந்த ஆறு மைலும் அவன் வாழ்நாளிலேயே ஓட்டாத ஓட்டம். பின்னால் மதலேனம்மாள் ஒரு கையால் தலைமுடியையும் மறு கையால் செபமாலையையும் பிடித்திருந்தாள். பாலம் வந்தபோது ரத்தினசாமி கண்ணை மூடவில்லை. டிரைவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். களத்துக்குள் நுழைந்தபோது உள்ளேயிருந்து மருதாத்தாளின் அலறல் வாசல்வரை கேட்டது. மதலேனம்மாள் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி, அவிழ்ந்த கூந்தலோடு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

அதன்பிறகு யாருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ரத்தினசாமி களத்தை அளப்பதுபோல நடந்தார். ஆறுமுகசாமி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். காளிச்சாமி மட்டும் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"போயிட்டு வந்திருச்சுங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்தான் என்று ஆறுமுகசாமிக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே அலறல் நின்றது. ரத்தினசாமியும் நின்றார். காற்றுகூட நின்றது. பிறகு, புதிதாக, கோபமாக, ஓர் அழுகுரல் கேட்டது.

சரஸ்வதியம்மாள் கதவைத் திறந்தாள். "பொண்ணுங்க. ரெண்டும் நல்லா இருக்குதுங்க. கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சாம். சித்த நேரம் தவறியிருந்தா…" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தினசாமி மோட்டாருக்கு வந்து ஆறுமுகசாமியின் தோளில் கை வைத்தார். "நீ இனி மலைக்குப் போவேண்டாம். நீ ஓட்டலைன்னா இன்னைக்கு என்ற ஊட்டுல வெளக்கு எரியாது. இங்கயே இரு."

ஆறுமுகசாமியின் மார்பு பழைய உயரத்துக்கு ஏறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்கு மாதப் பயமும் ஆறு மைல் பயமும் சேர்ந்து ஒரேயடியாகத் தைரியமாக மாறியிருந்த நேரம் அது.

"இருக்கேன்ய்யா. ஆனா ஒண்ணு" என்று அவன் எழுந்து நின்றான். "பச்சப் புள்ள உசிரோட விளையாண்டிருக்காங்க. எவனால அந்த ஆணி போச்சோ, அவன் இனிமே இந்த வீட்ல இருக்கக் கூடாது. அவனா நானான்னு இப்பவே சொல்லிருங்க."

"சொல்றதுக்கு என்ன இருக்குது" என்றார் ரத்தினசாமி. முகம் கறுத்துவிட்டது. "எவனால போச்சோ, அவன் இன்னைக்கே கெளம்ப வேண்டியதுதான். இது என்ற புள்ளை மேல ஆணை. காளிச்சாமி, இங்க வா."

காளிச்சாமி வந்தார். பண்ணையாட்கள் சுற்றி நின்றார்கள். சரஸ்வதியம்மாள் படியிலிருந்து எழுந்தாள்.

"மோட்டாரு ஸ்டீரிங்குல ஒரு ஆணி இருந்துச்சே, அதை நீ எடுத்தயா?"

"எடுத்தனுங்க" என்றார் காளிச்சாமி.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "கேட்டீங்களாய்யா" என்று ஆறுமுகசாமி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "எதுக்கு எடுத்தாருன்னும் அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க."

காளிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குருவிடம் பேசுகிற சீடனைப் போல ஆறுமுகசாமியைப் பார்த்துச் சொன்னார்:

"நேத்து நீங்கதானுங்களே மூடியத் தட்டிக் காட்டி, மோட்டாருக்குக் கடையாணி இதுக்குள்ளதான் இருக்குது, இது இல்லாட்டி ஒரு அடி நகராதுன்னு சொல்லிப் பொட்டியையும் கையில குடுத்தீங்க, அதானுங்க கழட்டிக் கழுவி, மஞ்சப் பூசி, எம்பட வண்டி ஆணிக்குப் பக்கத்துலயே சாமிகிட்ட வெச்சிருக்கறனுங்க."